கவுன்சிலில் ஹவுசிங் பாலிசி வேலை: எங்கே தொடங்குவது, எதைப் படிப்பது

இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) வேலை என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஐ.டி., அக்கவுண்ட்ஸ், பார்க்கிங், பள்ளிக்கூட உதவியாளர் வேலைகள்தான். ஹவுசிங் டிபார்ட்மென்ட் என்பது நாம் போய் வரிசையில் நிற்கிற இடம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரலாமே என்று யோசிப்பவர்கள் குறைவு. அந்த மேசைக்கும் பின்னால் இன்னொரு சின்னக் கூட்டம் இருக்கிறது. வெயிட்டிங் லிஸ்டில் யாருக்கு இடம், குடும்பத்தோடு வீடிழந்து வந்தவர்களை எந்த ஊரில் கொண்டுபோய் வைக்கலாம், தெருவில் படுப்பவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதற்கெல்லாம் விதி எழுதுகிறவர்கள் அவர்கள். ஹவுசிங் பாலிசி ஆபிசர், ஹோம்லெஸ்னஸ் ஸ்ட்ராட்டஜி ஆபிசர், கமிஷனிங் ஆபிசர் என்று பல பெயர்களில் விளம்பரம் வரும். அந்த வேலைக்கு எப்படிப் போவது என்பதுதான் இங்கே விஷயம்.

இது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு, அங்கே 'முன்னுரிமைத் தேவை' (பிள்ளைகள், நோய் மாதிரி காரணம் இருப்பவருக்கு முதலிடம்) என்ற வடிகட்டியை 2012 முடிவோடு எடுத்துவிட்டார்கள். வேல்ஸுக்கு 2014இல் தனிச் சட்டம் வந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்: பாலிசி வேலைதான் வேண்டும் என்றாலும் முதலில் ஒன்றிரண்டு வருடம் கேஸ் வேலை, அதாவது உதவி கேட்டு வருகிறவர்களை நேரில் கவனிக்கிற வேலை, பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு இரண்டு பிள்ளைகளோடும் நான்கு பைகளோடும் ஒருவர் வந்து நிற்கும்போது அங்கே இருக்கிற கேஸ் ஆபிசர் கையில் எடுக்கப்போவது நீங்கள் எழுதிய விதியைத்தான். அந்த நாலரை மணியைப் பார்க்காதவர் எழுதுகிற விதி படிக்க நன்றாக இருக்கும், வேலைக்கு ஆகாது.

எந்தக் கவுன்சில்

லண்டனில் குழப்பம் இல்லை. 32 பரோ கவுன்சில்களுக்கும் சிட்டி ஆஃப் லண்டனுக்கும் வீடற்றோருக்கான சட்டக் கடமை உண்டு. வெளியே போனால் கவனம் தேவை. சர்ரே, கென்ட், எசெக்ஸ் மாதிரி இரண்டடுக்கு இருக்கிற இடங்களில் வீடற்றோருக்கான சட்டக் கடமை டிஸ்ட்ரிக்ட் அல்லது பரோ கவுன்சிலிடம் இருக்கும், சோஷியல் கேர் கவுண்டி கவுன்சிலிடம் இருக்கும். கவுண்டி கவுன்சிலின் வேலைப் பக்கத்தைத் தினமும் பார்த்துவிட்டு ஒன்றுமே வரவில்லையே என்று சொல்கிறவர்கள் உண்டு. தேடுகிற இடம் தப்பு, அவ்வளவுதான். இந்த இரண்டடுக்கை ஒழித்து ஒரே அடுக்காக்கும் மறுசீரமைப்பு அரசின் 2024 டிசம்பர் வெள்ளை அறிக்கைக்குப் (கொள்கை அறிவிப்பு) பிறகு நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே டிஸ்ட்ரிக்ட் வேலைக்கு இன்டர்வியூ போனால் புதிய கவுன்சில் வந்த பிறகு இந்தப் பதவி எங்கே போகும் என்று தயங்காமல் கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. கவுன்சிலுக்குச் சொந்த வீடுகள் இல்லையென்றால் ஹவுசிங் வேலையும் இருக்காது என்று நினைக்கக் கூடாது. நம்மவர்கள் நிறைய இருக்கிற மெர்ட்டன் தன் கவுன்சில் வீடுகளை 2010இலேயே ஹவுசிங் அசோசியேஷனுக்கு (லாப நோக்கில்லாத வீட்டு அமைப்பு) மாற்றிக் கொடுத்துவிட்டது. வீடற்றோர் கடமையும் வெயிட்டிங் லிஸ்டும் அப்படி யாருக்கும் கைமாறாது, அவை கவுன்சிலிடம்தான் இருக்கும். சொந்த வீடு இல்லாத கவுன்சிலில் பாலிசி ஆள் அசோசியேஷன்களோடும் தனியார் வீட்டு உரிமையாளர்களோடும் பேரம் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

உள்ளே உண்மையில் என்ன வேலை

பெரிய ஆவணங்கள் சில இருக்கின்றன. 2002 ஹோம்லெஸ்னஸ் சட்டப்படி ஒவ்வொரு ஹவுசிங் கவுன்சிலும் தன் பகுதி நிலவரத்தை ஆராய்ந்து, குறைந்தது 5 வருடத்துக்கு ஒருமுறை ஒரு உத்தி ஆவணம் வெளியிட வேண்டும். கவுன்சில் வீடுகளை யாருக்கு எந்த வரிசையில் தருவது என்பதற்கு அலொகேஷன் ஸ்கீம். தற்காலிகத் தங்குமிடத்துக்கு யாரை உள்ளூரிலேயே வைப்பது, யாரை வெளியூருக்கு அனுப்பலாம் என்பதற்கு பிளேஸ்மென்ட் பாலிசி.

இந்தக் கடைசி ஆவணத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் 5 பிள்ளைகளோடு இருந்த ஒரு தாய்க்கு மில்டன் கீன்ஸ் பக்கம் வீடு கொடுத்தது. அவர் மறுத்தார். கடமை முடிந்தது என்று கவுன்சில் கையைக் கழுவியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 தீர்ப்பு சொன்னது இதுதான்: உள்ளூரில் ஏன் இடமில்லை, அருகில் ஏன் கிடைக்கவில்லை என்பதை நீங்கள் விளக்கியாக வேண்டும், இடம் ஒதுக்குவதற்கு எழுத்தில் ஒரு கொள்கை வைத்து அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவது நல்லது. அதற்குப் பிறகு பல கவுன்சில்களில் யாரோ ஒரு பாலிசி ஆபிசர் உட்கார்ந்து அந்த ஆவணத்தை எழுத வேண்டியதாயிற்று.

ஹில்லிங்டன் கவுன்சில் வழக்கும் அப்படித்தான். பரோவில் தொடர்ந்து 10 வருடம் குடியிருந்தவர்களுக்கு வெயிட்டிங் லிஸ்டில் சாதகம் தருகிற ஒரு விதி. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும், கவுன்சிலர்களுக்கும் மிகவும் பிடித்த விதி இது. ஆனால் ஓடி வந்த அகதிக்கு 10 வருடம் எங்கிருந்து வரும்? ஒரே இடத்தில் தங்க முடியாத ஐரிஷ் டிராவலர்களுக்கு? 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி சட்டப்படி நிற்காது என்றது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் படித்துவிட்டுப் போனால் இன்டர்வியூவில் பேச உங்களுக்கு விஷயம் இருக்கும்.

மீதி நாட்களில் பெரிய ஆவணம் எல்லாம் கிடையாது. காலாண்டுக்கு ஒருமுறை ஹெச்-க்ளிக் என்ற கேஸ் தரவு அரசுக்குப் போக வேண்டும், அதில் பாதிக் கேஸ்களில் ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருக்கும், நீங்கள் ஆபிசர்களைத் துரத்த வேண்டும். கவுன்சிலர் ஒருவர் தன் வார்டு ஆளுக்காகக் கடுமையாக ஒரு மெயில் போட்டிருப்பார், அதற்குப் பதில் எழுத வேண்டும். தகவல் உரிமைக் கேள்விகள் வரும். விதியை மாற்றப் போகிறீர்கள் என்றால் 2010 சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவுப்படி யாரை அது எப்படிப் பாதிக்கும் என்று அலசி எழுத வேண்டும், மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், கவுன்சிலின் கேபினெட்டுக்கு (முடிவெடுக்கும் கவுன்சிலர் குழு) அறிக்கை வைக்க வேண்டும். முக்கிய முடிவென்றால் 28 நாட்களுக்கு முன்பே அறிவிப்புப் பட்டியலில் ஏற்ற வேண்டும், அதை மறந்தால் ஒரு மாதம் தள்ளிப்போகும்.

சட்டம்: ஐந்து கேள்விகள்

இந்தத் துறையின் முதுகெலும்பு 1996 ஹவுசிங் சட்டத்தின் 7ஆம் பகுதி. அதன் வேர் 1977 சட்டத்தில் இருக்கிறது, 2017 ஹோம்லெஸ்னஸ் ரிடக்‌ஷன் சட்டம் 2018 ஏப்ரல் 3 முதல் அதை நிறைய மாற்றியது. ஐந்து கேள்விகள்: இவர் உண்மையில் வீடற்றவரா, குடியேற்ற நிலைப்படி தகுதி உண்டா, முன்னுரிமைத் தேவை இருக்கிறதா, வேண்டுமென்றே செய்த செயலால் வீட்டை இழந்தாரா, இந்த ஊரோடு தொடர்பு உண்டா. 2017 சட்டத்துக்குப் பிறகு முதல் இரண்டில் தேறினாலே கவுன்சில் உதவியாக வேண்டும். 56 நாளுக்குள் வீடு போகப்போகிறது என்றால் தடுப்புக் கடமை, போய்விட்டது என்றால் 56 நாள் நிவாரணக் கடமை. ஆளுக்கென்று ஒரு திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படியும் வீடு கிடைக்கவில்லை என்றால்தான் மற்ற கேள்விகள் முழுக் கனத்தோடு வரும்.

சட்டத்தைப் பிரிவு பிரிவாக மனப்பாடம் செய்தால் ஏறாது. ஒரு ஆளை வைத்து நடந்து பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு இளைஞர், அகதி விண்ணப்பக் காலத்தில் அவரை மிடில்ஸ்பரோவில் தங்க வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தஸ்து கிடைக்கிறது, தங்குமிடத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வருகிறது, அவர் ஈஸ்ட் ஹாமில் இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டு ஹாலில் வந்து படுக்கிறார். கொஞ்ச நாளில் அண்ணி முகம் மாறுகிறது. நியூஹாம் கவுன்சிலுக்குப் போகிறார். வீடற்றவரா? இருக்கச் சட்டப்படி உரிமையுள்ள இடம் இல்லை, ஆம். தகுதி? அகதி அந்தஸ்து உண்டு, ஆம். ஆகவே நிவாரணக் கடமை. உள்ளூர்த் தொடர்பு? இங்கேதான் சிக்கல். அகதி விண்ணப்பதாரராக அரசு தங்க வைத்த ஊரோடு அவருக்குத் தொடர்பு உண்டு என்று சட்டத்தின் 199ஆம் பிரிவே சொல்கிறது, அவர் விரும்பிப் போகாத ஊர் என்றாலும். நியூஹாமில் தொடர்பு காட்ட வேண்டுமென்றால் வழக்கமான அளவு கடந்த 12 மாதத்தில் 6 மாதம், அல்லது 5 வருடத்தில் 3 வருடம் குடியிருந்திருக்க வேண்டும், அல்லது அங்கே வேலை வேண்டும், அல்லது பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், வளர்ந்த பிள்ளைகள் மாதிரி நெருங்கிய உறவு 5 வருடமாக அங்கே இருக்க வேண்டும். ஒன்றுவிட்ட அண்ணன் சொந்த அண்ணன் மாதிரிதான் என்பது நமக்குத் தெரியும். ஆபிசருக்கு அதை யார் சொல்வது? நெருங்கிய உறவு என்றால் யார் யார் என்பதை உள்ளூர் வழிகாட்டியில் எழுதுகிற கை உங்களுடையதாக இருக்கும்போது இந்த இளைஞர் நினைவுக்கு வருவார்.

அப்புறம் முன்னுரிமைத் தேவை. பிள்ளைகள் இருந்தால், கர்ப்பமாக இருந்தால், 16, 17 வயதென்றால், 2021 குடும்ப வன்முறைச் சட்டத்துக்குப் பிறகு குடும்ப வன்முறையால் வீடிழந்தவர் என்றாலும், உண்டு. நோய், மனநிலை, வயது காரணமாகப் பலவீனமானவரும் உண்டு. யாரோடு ஒப்பிட்டுப் பலவீனம் என்ற சண்டை 2015இல் சதர்க் கவுன்சில் வழக்கில் தீர்ந்தது: வீடிழந்த ஒரு சாதாரண மனிதரோடு ஒப்பிட வேண்டும், ஏற்கெனவே தெருவில் நலிந்து கிடப்பவரோடு அல்ல. நம்முடைய இளைஞர் திடகாத்திரமாக, தனியாளாக இருக்கிறார். அவருக்குத் திட்டம் கிடைக்கும், ஆலோசனை கிடைக்கும், அன்றிரவு அறை கிடைக்காது. சித்திரவதைக்கு ஆளானவர், அதன் பாதிப்பு இன்னும் இருக்கிறது என்று மருத்துவக் கடிதம் இருந்தால் கதை மாறும். அதைக் கேட்கத் தெரிந்த ஆபிசர் கேட்பார், தெரியாதவர் கேட்க மாட்டார். நல்ல பாலிசி ஆள் விண்ணப்பப் படிவத்திலேயே அந்தக் கேள்வியை வைத்துவிடுவார்.

அரசின் ஹோம்லெஸ்னஸ் கோட் ஆஃப் கைடன்ஸ் இணையத்தில் இலவசம். வீடற்றோருக்காக இயங்குகிற ஷெல்டர் அமைப்பின் சட்டப் பக்கங்களும் இலவசம், பல கவுன்சில் ஆபிசர்களே அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். தனியார் வாடகைப் பக்கம் 2025 ரென்டர்ஸ் ரைட்ஸ் சட்டத்தையும் பாருங்கள். காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் 21ஆம் பிரிவு 2026 மே 1 முதல் ஒழிகிறது, பழைய நோட்டீஸ்களை வைத்து எழுதப்பட்ட உள்ளூர் நடைமுறைகள் எல்லாம் திருத்தி எழுதப்பட வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு நல்ல காலம் இது, பழையவர்களும் சேர்ந்துதான் படிக்கிறார்கள்.

பணம்

சட்டம் தெரிந்த விண்ணப்பதாரர்கள் நிறையப் பேர் வருவார்கள். பணம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் குறைவு, அதனால் இங்கே கொஞ்சம் உழைத்தால் தனியாகத் தெரிவீர்கள்.

2025இல் இங்கிலாந்து முழுவதும் தற்காலிகத் தங்குமிடத்தில் இருந்த குடும்பங்கள் 1,30,000ஐத் தாண்டின. இவர்களை வைக்கிற இடத்துக்கு கவுன்சில் வாடகை கொடுக்கிறது. அதில் ஒரு பங்கைத்தான் மத்திய அரசு ஹவுசிங் பெனிஃபிட் மானியமாகத் திருப்பிக் கொடுக்கும். தனியார் வீடுகளை எடுத்துக் கொடுத்தால் எவ்வளவு தெரியுமா, 2011 ஜனவரியில் இருந்த உள்ளூர் வாடகை உதவி அளவில் 90 சதவீதம். 2011! அன்றைய வாடகைக்கும் இன்றைக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று நைட்லி ரேட் கேட்கிற உரிமையாளருக்கும் இடையில் விழுகிற பள்ளத்தை கவுன்சில் தன் பொது நிதியிலிருந்து நிரப்புகிறது. நூலகமும் தெருவிளக்கும் குப்பை வண்டியும் ஓடுவதும் அதே நிதியில்தான். ஹேஸ்டிங்ஸ், ஈஸ்ட்போர்ன் மாதிரி சின்னக் கடற்கரைக் கவுன்சில்கள் இந்த ஒரு செலவாலேயே திவாலாகிவிடுவோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்.

இன்டர்வியூவில் அடிக்கடி மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று: கவுன்சில் குடியிருப்பாளர்கள் கட்டுகிற வாடகை ஹவுசிங் ரெவென்யூ அக்கவுண்ட் என்ற தனிக் கணக்கில் வேலி போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பணத்தை எடுத்து வீடற்றோர் சேவை நடத்த முடியாது. 'வாடகை வருமானத்தை இதற்குத் திருப்பலாமே' என்று உற்சாகமாகச் சொன்னால் பேனலில் ஒருவர் குனிந்து ஏதோ எழுதிக்கொள்வார், அது நல்லதாக இருக்காது. வீடற்றோர் சேவைக்குத் தனி மானியம் இருக்கிறது, 2025-26இல் அது ஹோம்லெஸ்னஸ் பிரிவென்ஷன் கிராண்ட் என்ற பெயரில் வந்தது. அந்த வருடம் இங்கிலாந்து முழுவதற்கும் 63.3 கோடி பவுண்ட்.

உள்ளே நுழைய

வாசல்கள் பல. ஹவுசிங் ஆப்ஷன்ஸ் ஆபிசர் அல்லது பிரிவென்ஷன் ஆபிசர் நேரடி வழி. டிகிரியைவிட, ஆட்களோடு பேசிக் கேஸை ஓட்டத் தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள். அது கிடைக்கவில்லையென்றால் தற்காலிகத் தங்குமிடப் பிரிவு, வெயிட்டிங் லிஸ்ட் விண்ணப்பம் சரிபார்க்கிற உதவியாளர், காண்டாக்ட் சென்டர் என்று அக்கம்பக்கத்து வேலைகள். கவுன்சில்கள் இந்தப் பிரிவுக்கு ஏஜென்சி ஆட்களை நிறைய எடுக்கிறார்கள். ஆறு மாத ஒப்பந்தத்தில் உள்ளே போய், உள் விளம்பரம் வரும்போது நிரந்தரம் ஆனவர்கள் ஏராளம். பட்டதாரிகளுக்கு உள்ளாட்சிச் சங்கம் நடத்துகிற 'இம்பாக்ட்' என்ற 2 வருடத் திட்டம் இருக்கிறது, போட்டி கடுமை. படித்துக்கொண்டே சம்பாதிக்க பாலிசி ஆபிசர் லெவல் 4 அப்ரென்டிஸ்ஷிப் இருக்கிறது, அதற்கு வயது வரம்பு இல்லை என்பதை நாற்பதைத் தாண்டியவர்கள் கவனிக்க.

கேஸ் வேலையிலிருந்து பாலிசிக்குத் தாண்ட எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாலம் ரிவ்யூ ஆபிசர் பதவி. கவுன்சில் 'உங்களுக்குக் கடமை இல்லை' என்று முடிவுக் கடிதம் கொடுத்தால் 21 நாளுக்குள் 202ஆம் பிரிவுப்படி மறுபரிசீலனை கேட்கலாம். அதை மறுபடி உட்கார்ந்து முடிவு செய்கிறவர் ரிவ்யூ ஆபிசர். அவர் எழுத்து சரியில்லையென்றால் அடுத்த படி கவுண்டி கோர்ட். ஒரு வருடம் அந்த நாற்காலியில் இருந்தால் எந்த உள்ளூர் விதி எங்கே உடைகிறது என்று கைரேகை மாதிரி தெரிந்துவிடும், பாலிசி டீமே உங்களைத் தேடி வந்து கேட்கும்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு நல்ல வழி: ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பரில் ஏதாவது ஒரு இரவு ஒவ்வொரு கவுன்சிலும் தன் பகுதியில் தெருவில் படுப்பவர்களைக் கணக்கெடுக்கிறது அல்லது மதிப்பிடுகிறது. 2024 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்து முழுவதும் சேர்த்து 4,667 பேர். இந்த முறை தொடங்கிய 2010இல் 1,768. கணக்கெடுப்பு நடக்கிற இடங்களில் தன்னார்வலர்களைச் சேர்ப்பார்கள். நள்ளிரவுக்குப் பிறகு குளிரில் கார் பார்க் கார் பார்க்காக நடப்பது சுகமான வேலை இல்லை, ஆனால் ஸ்ட்ராட்டஜி ஆபிசரும் தெருவுக்கே போய் உதவுகிற அவுட்ரீச் டீமும் போலீசும் ஒரே இரவில் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. அந்த எண் ஏன் எப்போதும் குறைவாகவே வரும் என்பதும் புரியும். பஸ்ஸில் இரவு முழுக்கச் சுற்றுகிற பெண் அந்தக் கணக்கில் வர மாட்டார்.

மாஸ்டர்ஸ் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கையில் பணமும் வேறு ஆசையும் இருந்தால் படியுங்கள், இந்த வேலைக்காக மட்டும் கடன் வாங்காதீர்கள். சார்ட்டர்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹவுசிங்கின் லெவல் 3, லெவல் 4 படிப்புகளை உள்ளே போன பிறகு கவுன்சில் செலவிலேயே முடிக்கலாம். 2026 அக்டோபரிலிருந்து சமூக வீடுகளை நிர்வகிக்கிற மூத்த மேலாளர்களுக்குத் தகுதிச் சான்று கட்டாயமாகிறது, அதனால் பயிற்சிக்குப் பணம் ஒதுக்குகிற மனநிலையில் இருக்கிறார்கள்.

விசா பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கவுன்சில் வேலைக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை, இங்கே வேலை செய்யும் உரிமை இருந்தால் போதும். ஆனால் ஸ்பான்சர் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். 2025 ஜூலை 22 முதல் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குப் பொதுவாக பட்டப்படிப்பு நிலை வேலையும் 41,700 பவுண்ட் சம்பளமும் கேட்கிறார்கள். முன்வரிசை ஹவுசிங் வேலைகளில் இது அமைவது கஷ்டம். டிபென்டன்ட் விசா, கிராஜுவேட் விசா, ஐ.எல்.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வைத்திருப்பவர்களுக்கு வழி திறந்தே இருக்கிறது.

விண்ணப்பமும் இன்டர்வியூவும்

கவுன்சில் விண்ணப்பத்தில் சி.வி. முக்கியமில்லை. பர்சன் ஸ்பெசிஃபிகேஷன் என்று, வேலைக்கு வேண்டிய தகுதிகளின் பட்டியல் ஒன்று இருக்கும், ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பேர் உட்கார்ந்து மார்க் போடுவார்கள். எழுதாததற்கு மார்க் இல்லை, நீங்கள் எவ்வளவு திறமைசாலி என்று அவர்களுக்கே தெரிந்திருந்தாலும். அதனால் அந்தப் பட்டியலின் வரிசையிலேயே, ஒவ்வொன்றுக்கும் ஒரு நடந்த சம்பவத்தை வைத்து எழுதுங்கள். 'கடின உழைப்பாளி, குழுவாக இயங்குவேன்' என்ற வரிக்குப் பூஜ்யம். 'எங்கள் தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமைகளில் பெற்றோருக்கு யுனிவர்சல் கிரெடிட் (அரசு உதவித்தொகை) படிவம் நிரப்ப உதவினேன், ஒருவருக்கு வாடகைப் பகுதி தவறாகக் கணக்கிடப்பட்டதைக் கவனித்து மறுபரிசீலனைக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், நிலுவைப் பணம் வந்தது, வீட்டை விட்டுப் போக வேண்டிய நிலை மாறியது' என்பதற்கு மார்க் உண்டு. கோயிலில், சங்கத்தில், கடையில் செய்ததெல்லாம் அனுபவம்தான். சம்பளம் வாங்காததை அனுபவம் இல்லை என்று நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

தமிழ் தெரியும் என்பதை எழுதுங்கள். ஹாரோ, பிரெண்ட், ரெட்பிரிட்ஜ், நியூஹாம் பக்கம் அதற்கு மதிப்பு உண்டு. வேலையில் சேர்ந்த பிறகு எல்லோருடைய தமிழ்க் கேஸுக்கும் இலவச மொழிபெயர்ப்பாளராக ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

பாலிசி பதவிக்கு இன்டர்வியூவோடு ஒரு எழுத்துத் தேர்வும் இருக்கலாம்: ஒரு தரவு அட்டவணையைக் கொடுத்து, முக்கால் மணி நேரத்தில் கவுன்சிலருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். விடையை முதல் வரியில் போடுங்கள். அப்புறம் சட்டம் என்ன அனுமதிக்கிறது, எவ்வளவு செலவு, வேறு வழிகள் எவை, எதைப் பரிந்துரைக்கிறீர்கள். பின்னணி விளக்கம் கடைசியில், இடம் மிஞ்சினால் மட்டும். நம் ஊர்ப் பள்ளிக்கூடக் கட்டுரைப் பழக்கத்தில் முன்னுரை எழுதத் தொடங்கினால் அங்கேயே நேரம் போய்விடும்.

தயாரிப்புக்கு அந்தக் கவுன்சிலின் கேபினெட் கூட்ட ஆவணங்களைத் திறந்து, தற்காலிகத் தங்குமிடம் பற்றிய கடைசி அறிக்கையைப் படியுங்கள், எல்லாம் பொதுவில் இருக்கிறது. ஹவுசிங் அமைச்சகம் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிற அட்டவணையில் அவர்கள் வரிசையைப் பக்கத்து பரோவோடு ஒப்பிடுங்கள். 'உங்களிடம் வாடகை ஒப்பந்தம் முடிந்து வருகிறவர்களைவிட உறவினர் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு வருகிறவர்கள் அதிகமாக இருக்கிறார்களே, அந்தக் குடும்பங்களோடு சமரசம் பேச யாராவது இருக்கிறார்களா' என்று ஒரு கேள்வி கேட்டால், வீட்டுப்பாடம் செய்து வந்தவர் என்று தெரிந்துவிடும்.

உள்ளே போன பிறகு

சம்பளம் லண்டனில் கேஸ் ஆபிசருக்கு 40,000 பவுண்டை ஒட்டி இருக்கும், பாலிசி ஆபிசருக்கு அதற்கு மேல், ஊருக்கு வெளியே குறைவு. தனியாரில் இதைவிட அதிகம் கிடைக்கலாம். ஆனால் உள்ளாட்சிப் பென்ஷன் இருக்கிறதே, வருடாவருடம் சம்பளத்தில் 49இல் ஒரு பங்கு ஓய்வூதியமாகச் சேர்கிறது, அதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

மனச்சுமை உண்டு. நீங்கள் எழுதிய விதியாலேயே ஒருவர் வெளியே நிறுத்தப்படுவார், அவர் பொய் சொல்லவில்லை என்று உங்களுக்கே தெரியும். தலைவர்கள் மாறினால் கொள்கை மாறும், இரண்டு வருடம் எழுதியது டிராயருக்குள் போகும். அரசியலில் ஆசை உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கவுன்சிலர்களுக்கு வழக்கமாக ஆலோசனை சொல்கிற பதவிகள் 1989 சட்டப்படி அரசியல் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை, அதில் இருந்துகொண்டு கவுன்சிலர் தேர்தலில் நிற்க முடியாது. ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள்.

நம்மவர்களுக்கென்றே இன்னொரு ஆபத்து இருக்கிறது. நீங்கள் ஹவுசிங்கில் இருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் கோயில் அன்னதான வரிசையில் யாராவது தோளைத் தட்டி, "தம்பி, என்ட பைல் எதில நிக்குதெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுமன்" என்பார். பார்க்கவே கூடாது. வேலைக் காரணமில்லாமல் ஒருவரின் கோப்பைத் திறந்தால் சிஸ்டத்தில் பதிவாகும், வேலை போகும், 2018 டேட்டா பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகவும் ஆகலாம். சொந்தக்காரர் விண்ணப்பித்திருந்தால் மேலாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். கேட்கிறவரிடம், "அண்ணை, உங்கட ரெஃபரன்ஸ் நம்பரைப் போட்டு கவுன்சில் வெப்சைட்டில லாகின் பண்ணினால் உங்கட பேண்டும் (வெயிட்டிங் லிஸ்டில எந்தப் பிரிவெண்டு) தேதியும் நீங்களே பாக்கலாம், வாங்கோ எப்படியெண்டு காட்டுறன்" என்று அவர் போனை வாங்கிக் காட்டிக்கொடுங்கள். அதில் தப்பே இல்லை.